வீல்சேரோடு முதல் விமானப் பயணம்: டிக்கெட் போடும்போது என்ன சொல்ல வேண்டும்?

ஓரசீட் எழுதியது:

வணக்கம். நாலு வருடத்துக்கு முன் முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து எனக்கு இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கார், ரயில் எல்லாம் பழகிவிட்டது, விமானம் மட்டும் ஏறவில்லை. இப்போது தங்கையின் பிரசவத்துக்குப் போயே ஆக வேண்டும். இரண்டு விமானம், மாறுவதற்கு நடுவில் ஒரு மணி இருபது நிமிடம், மொத்தம் பதினோரு மணி நேரம். தனியாகத்தான் போகிறேன். என்னுடையது மடக்குகிற மோட்டார் வீல்சேர், லித்தியம் பேட்டரி. டிக்கெட் போடும்போது "வீல்சேர் தேவை" என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது, டிக் அடித்துவிட்டேன். அது போதுமா? பேட்டரியை விடுவார்களா? வண்டி உடையாமல் வருமா? அப்புறம், கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அத்தனை மணி நேரம் பாத்ரூமுக்கு என்ன செய்கிறீர்கள்?

நாலுசக்கரம் எழுதியது:

அந்தக் கட்டம் போதாது தங்கச்சி. பதினைந்து வருடமாகப் பறந்துகொண்டிருக்கிறேன், நான் பட்ட பாதி அவதிக்கு அந்த ஒற்றை டிக்தான் காரணம்.

"வீல்சேர்" என்ற ஒரே சொல்லுக்குள் விமானக் கம்பெனிகள் மூன்று வகை வைத்திருக்கின்றன. டபிள்யூசிஎச்ஆர் என்றால் தூரம் நடக்க முடியாதவர், ஆனால் படி ஏறுவார், சீட்டுக்குத் தானே போய்விடுவார். டபிள்யூசிஎச்எஸ் என்றால் படி ஏற முடியாது, விமானத்துக்குள் சீட் வரை மட்டும் நடப்பார். டபிள்யூசிஎச்சி என்றால் நடக்கவே முடியாது, சீட் வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். கடைசி எழுத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்: ஆர் ரேம்ப், எஸ் ஸ்டெப்ஸ், சி கேபின். உனக்கு சி. நீ ஒன்றும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் ஆர் என்றுதான் போட்டு வைப்பார்கள்.

எனக்கு அப்படித்தான் ஆனது. விமானம் எங்கோ தள்ளி நின்றது, கட்டடத்திலிருந்து நேராக விமானத்துக்குள் போகிற ஏரோபிரிட்ஜ் இல்லை, வேனில் கொண்டுபோய்ப் படிக்கட்டுக்கு அடியில் இறக்கிவிட்டார்கள். மேலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "மெதுவா ஏறி வந்துடுங்க சார், அவசரமில்ல" என்கிறார். என் கால் இரண்டும் பெல்ட் போட்டுக் கட்டியிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. கையில் இருந்த தாளை நீட்டினார், அதில் ஆர் என்று இருந்தது. வண்டியோடு அப்படியே மேலே தூக்குகிற ஆம்புலிஃப்ட் வந்து சேர நாற்பது நிமிடம். அதுவரைக்கும் அந்த வெயிலில் நான், மேலே ஜன்னல் ஜன்னலாக முகங்கள். தாமதத்துக்குக் காரணம் "ஒரு பயணி" என்று மைக்கில் வேறு சொன்னார்களாம்.

அதனால் போன் செய். "நிற்க முடியாது, படி ஏற முடியாது, சீட்டுக்கு மாற இரண்டு பேர் தூக்க வேண்டும், டபிள்யூசிஎச்சி என்று பதியுங்கள்" என்று சொல். பதிந்ததைத் திருப்பி வாசிக்கச் சொல், மெயிலிலும் வாங்கிக்கொள். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் பல இடங்களில் கணக்கு, ஐரோப்பிய விதியிலும் அதேதான், ஆனால் நீ இன்றைக்கே சொல்.

ஒரு மணி இருபது நிமிடம் மறந்துவிடு. நாம் முதலில் ஏறி கடைசியில் இறங்குகிற ஜாதி. மூன்று மணி நேரமாவது நடுவில் இருக்கிற மாதிரி மாற்று.

சந்தேகப்புலி எழுதியது:

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். பஸ்ஸில் வீல்சேரை அப்படியே ஏற்றிக் கொக்கி மாட்டிவிடுகிறார்கள். விமானத்தில் மட்டும் ஏன் ஆளை ஒரு பக்கம், வண்டியை ஒரு பக்கம் பிரிக்க வேண்டும்?

கேட்பதினாறு எழுதியது:

விமான சீட் என்பது தரையோடு பூட்டி, 16 மடங்கு புவியீர்ப்பு விசையில் மோதவைத்துச் சோதித்துப் பார்த்த பொருள். நம் வீல்சேர்கள் அப்படிச் சோதித்து விமான சீட்டாக அங்கீகரிக்கப்பட்டவை இல்லை. முடியவே முடியாதா என்றால், அப்படியும் இல்லை. 2021-ல் அமெரிக்க தேசிய அகாடமிகள் என்ற அறிவியல் ஆலோசனை அமைப்பு ஒரு அறிக்கையில், சொந்த வீல்சேரைப் பூட்டி உட்காருவதற்குத் தாண்ட முடியாத தொழில்நுட்பத் தடை எதுவும் தெரியவில்லை, மேற்கொண்டு ஆராயலாம் என்று சொன்னது. 2023-ல் டெல்டா விமானக் கம்பெனியின் துணை நிறுவனமான டெல்டா ஃபிளைட் புராடக்ட்ஸ் ஒரு மாதிரி சீட்டைக் கண்காட்சியில் வைத்தது, அடியைத் தூக்கி மடக்கினால் அந்த இடத்தில் வீல்சேரைப் பூட்டலாம். கண்காட்சியில் இருப்பது டிக்கெட் போடுகிற விமானத்துக்கு எப்போது வரும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஓரசீட், நான் ஒன்பது வருடம் தரைப் பணியில் இருந்தவன், அதனால் உங்கள் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் பேட்டரி. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி என்றால் கழற்றி நீங்களே கேபினுக்குள் எடுத்துப் போக வேண்டும், கார்கோவில் போடக் கூடாது. ஒரு பேட்டரி என்றால் 300 வாட்-அவர் வரை, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வரை. இந்தக் கணக்கு தெரியாமல் செக்-இன்னில் சண்டை போடுகிறவர்கள் நிறைய: வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள், அவ்வளவுதான். 24 வோல்ட், 12 ஆம்பியர்-அவர் என்றால் 288, தப்பித்தீர்கள். அதே 24 வோல்ட்டில் 20 என்றால் 480, ஏற்ற மாட்டார்கள். கழற்றவே முடியாதபடி வண்டியோடு பொருத்திய பேட்டரிக்கு இந்த உச்சவரம்பு கிடையாது, அது வண்டியோடு கார்கோவுக்குப் போகும். ஜெல் பேட்டரி என்றால் கசியாது, அதுவும் வண்டியிலேயே இருக்கலாம். எதுவாக இருந்தாலும் கம்பெனியிடம் முன்கூட்டி ஒப்புதல் வாங்க வேண்டும், பேட்டரி எங்கே இருக்கிறது என்ற தகவல் விமானிக்கும் போக வேண்டும். பேட்டரியில் இந்த அளவு எழுதிய ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தால் தயாரிப்பாளரின் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அழிந்த ஸ்டிக்கரை யாரும் நம்புவதில்லை. கழற்றிய பேட்டரியின் முனைகளை டேப் போட்டு மூடி ஒரு பைக்குள் வையுங்கள்.

இனி வண்டி எப்படி உடைகிறது என்று. கீழே சரக்கு ஏற்றுகிற பையன்களுக்கு உங்கள் வண்டி யாருடையது, எவ்வளவு விலை, எதுவும் தெரியாது. கையில் இருபது நிமிடம், எதிரே முப்பது நாற்பது கிலோ பொருள் ஒன்று, பிரேக் போட்டு நிற்கிறது. மோட்டாரிலிருந்து சக்கரத்தை விடுவிக்கிற லீவர் எங்கே என்று தெரியாது. என்ன செய்வார்கள்? தூக்குவார்கள். எதைப் பிடித்து? கைக்கு எது முதலில் சிக்குகிறதோ அதை, அது பெரும்பாலும் ஜாய்ஸ்டிக் இருக்கிற கைப்பிடி. சில விமானங்களில் கார்கோ கதவு 90 செ.மீ. உயரம்கூட இருக்காது, நிமிர்ந்து நுழையாத வண்டியைச் சாய்த்துத்தான் தள்ள வேண்டும்.

ஆகவே ஜாய்ஸ்டிக், குஷன், தலைசாய்ப்பு, கழற்றக்கூடியது எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டு உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய அட்டையில் கொட்டை எழுத்தில், ஆங்கிலத்திலும் இறங்கும் ஊர் மொழியிலும், எங்கே பிடித்துத் தூக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது, லீவர் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். எழுத்தைவிடப் படம் நல்லது, ஒரு அம்புக்குறி போதும். நான் வேலை செய்த ஒன்பது வருடத்தில் அப்படி அட்டை ஒட்டி வந்த வண்டிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அவை எதுவும் என் ஷிஃப்டில் உடையவில்லை.

செக்-இன் கவுன்டரிலேயே வண்டியை ஒப்படைத்துவிடாதீர்கள். விமானத்தின் கதவு வரை அதிலேயே போகிறேன், இறங்கும்போதும் கதவுக்கே வேண்டும் என்று சொல்லி, டேக்கில் அதைப் போடச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை எழுதியது:

இழையைத் திசை திருப்புகிறேனோ தெரியவில்லை. என் அம்மாவுக்கு 68 வயது, நன்றாக நடப்பார். ஆனால் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது, தனியாக வருகிறார், கேட் மாறினால் திணறிப் போவார். ஒவ்வொரு முறையும் நான் வீல்சேர் போட்டுவிடுகிறேன், ஒருவர் கூடவே வந்து எல்லா வரிசையும் தாண்டி வெளியே கொண்டுவந்து விட்டுவிடுகிறார். நிறைய பேர் இப்படித்தான் செய்கிறோம். தப்பா?

நாலுசக்கரம் எழுதியது:

தப்புதான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எழுதியது:

வயசான ஆளைத் தனியாக அலைய விடுவது சரி, அப்படித்தானே?

கேட்பதினாறு எழுதியது:

கோபப்படாதீர்கள். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். சில நாள் ஒரே விமானத்துக்கு முப்பது வீல்சேர் கேட்டிருப்பார்கள், ஷிஃப்டில் நாங்கள் ஆறு பேர். தாளில் முப்பதும் வரிசையாக இருக்கும். எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு வண்டி தள்ளிவிட்டுத் திரும்பி வருவதற்குள், சி போட்ட ஒருவர் விமானத்துக்குள் உட்கார்ந்தபடியே இருப்பார், சுத்தம் செய்கிறவர்கள் அவரைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். இதை நான் பார்த்திருக்கிறேன், ஒருமுறை இரண்டுமுறை இல்லை.

உங்கள் அம்மாவுக்குத் தேவை வண்டி இல்லை, கூட வர ஒரு ஆள். அதற்குத் தனியாகவே ஒரு வகை உண்டு, மீட் அண்ட் அசிஸ்ட், எம்ஏஏஎஸ் என்று பதிவார்கள். எல்லா ஊரிலும் இலவசமாகக் கிடைக்காது, அது உண்மை. கேட்டுப் பாருங்கள். அதோடு அவர் கழுத்தில் ஒரு அட்டை மாட்டி, விமான எண், இறங்கும் ஊர், உங்கள் போன் நம்பர் எழுதிவிடுங்கள்.

மழைக்காகிதம் எழுதியது:

நாலுசக்கரம் அண்ணா சொன்னதில் எனக்குப் பாதிதான் சம்மதம். நன்றாக நடக்கிறார் என்று பார்த்தவுடன் முடிவு கட்டுவது ஆபத்து. இதயக் கோளாறு, மூட்டுவாதம், மூச்சு வாங்குகிறவர், இவர்கள் பத்து அடி நன்றாகத்தான் நடப்பார்கள், கேட் முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆர் என்ற வகையே அவர்களுக்காகத்தான் இருக்கிறது. வண்டியிலிருந்து எழுந்து நின்றதற்காக ஒரு அம்மாவைப் பார்த்து வரிசையில் ஒருவர் "அதிசயம் நடந்திருச்சு" என்று சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன். பற்றிக்கொண்டு வந்தது. மொழி தெரியாததற்காக மட்டும் போடாதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

சரி ஓரசீட், யாரும் தொடாத உன் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், ஆண்கள் எல்லாம் பேட்டரிக் கணக்கிலேயே நின்றுவிட்டார்கள்.

முதல் பயணத்தில் நான் செய்த முட்டாள்தனம், முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீரை நிறுத்தியது. நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்கிறோம். இறங்கும்போது தலை சுற்றல், அடுத்த வாரம் சிறுநீர்த் தொற்று, பத்து நாள் மாத்திரை. கேபின் காற்று ஏற்கெனவே காய்ந்தது, கால் அசையாமல் தொங்குகிறது, ரத்தம் உறைவதற்கு வேறென்ன வேண்டும். இப்போது என் முறை: வழக்கமாக நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர், அதாவது சிறுநீர்க் குழாய், போட்டு எடுப்பவள், நீண்ட பயணத்துக்கு மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிலையாக ஒன்று வைத்துக்கொள்கிறேன், காலில் கட்டுகிற பை, அதற்கு மேல் தளர்வான பாவாடை. பையைக் காலி செய்ய ஒரு மூடி போட்ட பாட்டில், மடியில் போர்வை. பக்கத்தில் இருப்பவர் தூங்குகிற நேரமாகப் பார்த்துச் செய்துவிடுவேன், இதுவரை யாரும் கவனித்ததில்லை, கவனித்தால்தான் என்ன. இதை நீயாக முதல்முறை பயணத்தன்று முயலாதே, இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் பேசி வீட்டில் பழகிப் பார்.

உனக்கு அடி எந்த மட்டத்தில் என்று சொல்லவில்லை. மார்புத்தண்டில் ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலோ என்றால் சிறுநீர்ப்பை நிரம்பினாலே ரத்த அழுத்தம் விறுவிறுவென்று ஏறலாம், தலை வெடிக்கும், முகம் வியர்க்கும். டாக்டரிடம் அதற்கு மருந்தும், விமானப் பணிப்பெண்ணிடம் காட்ட ஒரு சீட்டும் வாங்கி வைத்துக்கொள்.

விமானத்துக்குள் ஒரு ஒல்லி வண்டி இருக்கும், இருக்கிறதா என்று முன்பே கேள். பணிப்பெண்கள் அதில் கழிப்பறைக் கதவு வரை தள்ளுவார்கள், உள்ளே வந்து உதவ மாட்டார்கள், தூக்கவும் மாட்டார்கள். ஒற்றை நடைபாதை விமானத்தில் அந்தக் கழிப்பறைக்குள் அந்த வண்டி நுழையாது, என் தோளே இடிக்கும். அமெரிக்காவில் 2023-ல்தான் ஒற்றை நடைபாதை விமானங்களுக்கும் பெரிய கழிப்பறை வேண்டும் என்று விதி வந்தது, அதுவும் 125 சீட்டும் அதற்கு மேலும் உள்ள புது விமானங்களுக்கு, 2030-களின் நடுவில்தான் நடைமுறைக்கு வரும். நாம் கிழவியாகிவிடுவோம்.

இன்னொன்று, காற்று அடைத்த குஷன் வைத்திருந்தால் அதை விமான சீட்டில் போட்டு உட்கார், வெறும் சீட்டில் பதினோரு மணி நேரம் உட்கார்ந்தால் புண் நிச்சயம். ஆனால் உயரே போனதும் கேபின் அழுத்தம் குறையும், 8,000 அடி உயரத்து மலையில் இருப்பது போல. காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். குஷன் கல் மாதிரி ஆகிவிடும், உனக்கு உணர்வு இல்லாததால் அது உனக்குத் தெரியவே தெரியாது. விமானம் மேலேறி நிலைத்ததும் வால்வைத் திறந்து கொஞ்சம் விடு, கையை அடியில் விட்டுப் பார், ஒரு விரல் கனத்துக்கு இடம் இருந்தால் சரி. இறங்கியதும் திரும்ப ஊத வேண்டும், பம்ப்பைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதே, நான் அனுப்பினேன்.

நாலுசக்கரம் எழுதியது:

மழைக்காகிதம் சொன்னது சரி, நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை, மன்னியுங்கள்.

சீட் விஷயம்: மாறுவதற்கு நடைபாதை ஓரம்தான் சுலபம், ஆனால் மற்றவர்கள் வெளியே போக உன்னைத் தாண்ட முடியாது என்று ஜன்னல் பக்கம் தள்ளப் பார்ப்பார்கள். நடைபாதை ஓரம் கைப்பிடி தூக்க வராது என்று பணிப்பெண்களே சொல்வதுண்டு. பல விமானங்களில் வரும். கைப்பிடியின் அடியில், பின்பக்கம் கீல் இருக்கிற இடத்தில் விரலை விட்டுத் தடவினால் ஒரு சின்னப் பொத்தான் அல்லது நாக்கு தட்டுப்படும், அதை அழுத்திக்கொண்டே தூக்கு. எல்லா வரிசையிலும் இருக்காது, எந்த வரிசை என்று போனிலேயே கேட்டு அந்த சீட்டை வாங்கு.

தூக்குகிறவர்களுக்கு நீதான் சொல்ல வேண்டும். ஒருவர் பின்னாலிருந்து அக்குளுக்கு அடியில், ஒருவர் முழங்காலுக்கு அடியில், எண்ணிக்கை நீ சொல், மூன்று சொன்னதும் தூக்கட்டும். இவர்கள் ஆளுக்கு ஒரு எண்ணில் தூக்கி நான் கைப்பிடி மேல் உட்கார்ந்த கதை உண்டு.

சந்தேகப்புலி எழுதியது:

உடைந்தால் காசு வருமா?

கேட்பதினாறு எழுதியது:

சர்வதேசப் பயணத்தில் பெரும்பாலும் 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைதான். அதன்படி வீல்சேரும் ஒரு பெட்டிதான், சூட்கேஸ் மாதிரி. உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர், சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு அது, அதற்கு முன் 1,288. நல்ல மோட்டார் வண்டி அதற்குள் அடங்காது. வழி ஒன்று இருக்கிறது: வண்டியைக் கதவு வரை ஓட்டிப் போனாலும், செக்-இன்னிலேயே அதன் மதிப்பை எழுத்தில் அறிவிக்கலாம், அப்போது அந்தத் தொகை வரை அவர்கள் பொறுப்பு. கூடுதல் கட்டணம் கேட்கலாம், வீல்சேருக்குச் சில கம்பெனிகள் வாங்குவதில்லை. கவுன்டரில் இருக்கிற பாதிப் பேருக்கு இப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது, மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் மட்டும் வண்டி வாங்கிய விலை வரை கம்பெனி கொடுத்தாக வேண்டும்.

சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். 7 நாள் இருக்கிறதே என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே படிவம் நிரப்பி நகல் வாங்குங்கள். வண்டியை ஒப்படைப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ, ஓடுகிற வீடியோ ஒன்று.

யார் மேல் புகார் என்பதிலும் குழப்பம் வரும். ஐரோப்பாவில் ஆளுக்கு உதவி செய்கிற பொறுப்பு விமான நிலையத்துடையது, அமெரிக்காவில் விமானக் கம்பெனியுடையது. ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார், அதனால் இருவருக்கும் அனுப்பிவிடுவது என் பழக்கம்.

வெள்ளிக்கிழமை எழுதியது:

அம்மாவிடம் நேற்று இதையெல்லாம் சொன்னேன். அவர் சொன்னது எனக்குப் புதிது. வண்டியில் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பையை மடியில் நிமிர்த்தி வைத்து முகத்தை மறைத்துக்கொள்வாராம். "நீ போட்டுட்ட, சரின்னு உக்காந்தேன்" என்கிறார். அடுத்த முறை மீட் அண்ட் அசிஸ்ட் கேட்டிருக்கிறேன்.

ஓரசீட் எழுதியது (ஏழு வாரம் கழித்து):

போய்ச் சேர்ந்துவிட்டேன், பெண் குழந்தை, எல்லாரும் நலம். சொன்னதில் என்னென்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

போனில் டபிள்யூசிஎச்சி என்றதும் எதிர்முனையில் இருந்தவர் குரலே மாறிவிட்டது, இந்தப் பெண்ணுக்கு ஏதோ தெரியும் போல என்று நினைத்திருப்பார். ஏற்கெனவே ஆர் என்றுதான் பதிந்திருந்தது. தனியாகப் போகலாமா என்று கேட்டார்கள், அவசரத்தில் நீங்களாகக் கொஞ்சமாவது நகர முடியுமா என்பதுதான் கேள்வி, கையால் நகர்வேன் என்றதும் விட்டுவிட்டார்கள். நடுவில் மூன்றரை மணி நேரம் இருக்கிற மாதிரி மாற்றினேன், அதில் ஒரு மணி நேரத்தை விமானத்துக்குள்ளேயே காத்திருந்து தீர்த்தேன். பேட்டரி 240 வாட்-அவர், மூன்று இடத்தில் கேட்டார்கள், மூன்று இடத்திலும் தாளைக் காட்டினேன்.

அந்தக் கைப்பிடிப் பொத்தான்! பணிப்பெண் "இது தூக்க வராதுங்க" என்றார், நான் விரலை விட்டு அழுத்தியதும் மேலே போனது, அவர் பக்கத்து வரிசையிலும் போய் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்காகிதம் அக்கா, குஷன் நீங்கள் சொன்ன மாதிரியே கல்லாகிவிட்டது, கையை விட்டுப் பார்த்திராவிட்டால் தெரிந்திருக்காது. பம்ப் கைப்பையில்தான் இருந்தது.

முதல் விமானத்தில் வண்டி கதவுக்கே வந்தது. இரண்டாவதில் வரவில்லை. டேக்கில் தெளிவாகப் போட்டிருந்தும், பெட்டிகள் வருகிற பெல்ட்டில் ஒரு பச்சை சூட்கேஸுக்கும் யாரோ கட்டிய அட்டைப் பெட்டிக்கும் நடுவில் தலைகீழாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. நான் ஒட்டிய அட்டை மேலே பார்த்தபடி இருந்தது, அம்புக்குறி எல்லாம் வானத்தைக் காட்டிக்கொண்டு. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மோட்டார் ஓடுகிறது, இடது ஃபுட்ரெஸ்ட்டின் பூட்டு மட்டும் உடைந்துவிட்டது. அங்கேயே படிவம் நிரப்பினேன். ஆறாவது நாள் பழுதுபார்க்கும் ரசீது கேட்டு மெயில் வந்தது. இங்கே கடைக்காரர் பூட்டு மட்டும் தனியாகக் கிடைக்காது, முழு ஃபுட்ரெஸ்ட்டையும் மாற்ற வேண்டும் என்கிறார், கம்பெனியோ பூட்டுக்கு மட்டும்தான் கொடுப்போம் என்கிறது. யாராவது பூட்டை மட்டும் மாற்றியிருக்கிறீர்களா? இப்போதைக்கு சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி வைத்திருக்கிறேன்.

நாலுசக்கரம் எழுதியது:

குழந்தைக்கு வாழ்த்துகள். பூட்டு மட்டும் தனியாகக் கிடைக்காது என்று கடைக்காரரை எழுதித் தரச் சொல், அவர் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு. அதை ரசீதோடு சேர்த்து அனுப்பு. எனக்கு அப்படித்தான் முழுசாகக் கொடுத்தார்கள்.

மழைக்காகிதம் எழுதியது:

டியூப் கட்டியிருக்கிற இடத்தை ஒரு போட்டோ போடு. கணுக்காலில் உரசுகிறதா என்று ராத்திரி கண்ணாடி வைத்துப் பார்.

ஓரசீட் எழுதியது:

பார்த்தேன் அக்கா. லேசாகச் சிவந்திருக்கிறது. கழற்றிவிட்டேன்.